மலையேறிய விளக்கு

விளக்கை ‘அணை’ என்று நம் வீடுகளில் சொல்வதில்லை. ‘குளிர வை’ என்பார்கள், ‘அமர்த்து’ என்பார்கள். தானே அவிந்துபோனால் ‘மலையேறிவிட்டது’ என்பார்கள். அமங்கலச் சொல் நாவில் வராதிருக்கப் பெரியோர் கண்ட உபாயம் அது. எந்த மலை, ஏறிய விளக்கு அங்கே என்ன ஆயிற்று என்று யாரும் கேட்பதில்லை. 2004-ஆம் வருஷம் இலையுதிர் காலத்தில் ஒரு நாள், ஜப்பான் தேசத்து மலை ஒன்றின்மேல் நின்றுகொண்டு, நாம் அதைக் கேட்கும்படி நேர்ந்தது.

அப்போது நாம் கியோட்டோ நகரில் மாணாக்கராய் இருந்தோம். ஊரில் பாட்டி காலமானாள். பரீட்சையும் பிரயாணச் செலவும் குறுக்கே நின்றமையால் போகக் கூடவில்லை. காரியங்கள் யாவும் முடிந்தபின் அம்மாவுடன் டெலிபோனில் பேசினோம். கிராமத்து வீட்டைப் பூட்டிவிட்டதாகவும், பாட்டி ஐம்பது வருஷ காலம் ஏற்றிவந்த பித்தளைக் குத்துவிளக்கை அடுத்த வீட்டு அம்மாளிடம் கொடுத்துவிட்டதாகவும் அவள் சொன்னாள். “யாரைக் கேட்டுக் கொடுத்தாய்?” என்று சுடச்சுடக் கேட்டுவிட்டோம். பாட்டியின் முகத்தைப் பார்க்க வராத பேரன் விளக்குக்காக வழக்காட வருகிறானே என்று அம்மா திருப்பிக் கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. அதன்பின் இரண்டு வாரம் நாமும் பேசவில்லை, அவளும் பேசவில்லை. விடுதி அறையில் புஸ்தகத்தைத் திறந்தால் எழுத்து ஓடவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கேயாவது போவோம் என்று புறப்பட்டு ஹியேய் மலையின் அடிவாரம் போய்ச் சேர்ந்தோம்.

கியோட்டோவுக்கு வடகிழக்கே 848 மீட்டர் உயரம் நிற்கும் மலை அது. வடகிழக்கு, அவர்கள் சாஸ்திரப்படி, பேய்கள் நுழையும் வாசல். 794-இல் கியோட்டோ தலைநகரான பின் அந்த வாசலுக்குக் காவலாக இம்மலைமேல் இருந்த பௌத்த மடத்தைக் கருதினார்கள். நமக்கோ அது ஈசானிய மூலை. பூஜையறைக்கு உகந்த இடம். ஒரே திக்கு அங்கே அச்சத்தையும் இங்கே பக்தியையும் உண்டாக்குவது வேடிக்கைதான்!

மேலே போகப் பழனியில் நாம் ‘விஞ்ச்’ என்கிறோமே, அந்த ஜாதி வண்டி உண்டு. மாணாக்கரின் பணப்பை அதற்கு இடங்கொடாமையால், கிரரா ஸக்கா என்னும் பழைய ஏற்றப் பாதையில் நடந்தோம். முற்காலத்தில் அரண்மனைத் தூதர்கள் ஏறிய வழி என்கிறார்கள். அவர்களுக்கு நல்ல முழங்கால்கள் இருந்திருக்க வேண்டும். மழைநீர் அரித்த பள்ளத்தில் கல்லும் வேரும் இடற இடற ஏறினோம். உச்சியை நெருங்கியதும் நெடிய ஊசியிலை மரங்களின் இருளும், நடுநடுவே மேப்பிள் மரங்களின் செம்மையும் சூழ்ந்துகொண்டன.

இம்மலையில் எங்ரியாக்குஜி மடத்துக்கு வித்திட்டவர் ஸாய்ச்சோ என்னும் துறவி. 785-இல் நாரா நகரத்துத் தோதாய்ஜி ஆலயத்தில் தீட்சை பெற்று, அவ்வருஷமே தனிமையை நாடி மலையேறினார். 788-இல் சிறு குடில் அமைத்து, பைஷஜ்யகுரு என்னும் வைத்திய புத்தருக்கு விளக்கேற்றினார். அப்போது அவருக்கு இருபதை ஒட்டிய வயது. பிறகு 804-இல் சீனம் சென்று மறுவருஷம் திரும்பி, தெண்டாய் என்னும் மார்க்கத்தைப் பரப்பினார். தம் சீடர் பன்னிரண்டு வருஷம் மலையை விட்டு இறங்காமல் கற்கவேண்டும் என்று விதி செய்தவரும் அவரே. (நம் பள்ளிப் பிள்ளைகள் இதைப் படிக்காதிருப்பார்களாக!) ஹோனென், ஷின்ரான், தோகென், நிச்சிரென் என்று பிற்காலத்தில் தனித்தனி மார்க்கங்களை நிறுவிய பேர்கள் பலரும் இம்மலையில் கற்றவர்களே.

குடில் இருந்த இடத்தில் இன்று நிற்பது கோன்பொன் சூடோ என்னும் பெரிய மண்டபம். இப்போதைய கட்டடம் 1642-இல் எழுந்தது. 2016-இல் அதற்குப் பெரிய திருப்பணி தொடங்கிற்று. நாம் போனது அதற்கு முந்திய காலம். பாதரட்சைகளைக் கழற்றிவிட்டு உள்ளே சென்றோம். குளிர்ந்த பலகைத் தரை, ஊதுவத்தி மணம். நாம் நின்ற இடத்துக்கும் புத்தர் பீடத்துக்கும் நடுவே தரை ஏறக்குறைய மூன்று மீட்டர் பள்ளமாக இறங்கிவிடுகிறது. துறவிகள் அந்த இருட்டுக்குள் நின்று ஓதுகிறார்கள். பள்ளத்துக்கு அப்பால் பீடம் எழும்பி, விக்கிரகமும் விளக்கும் நம் கண்மட்டத்தில் நிற்கின்றன. அண்ணாந்து பார்க்க வேண்டியதில்லை. ஆனால் கிட்ட நெருங்கவும் முடியாது. அங்கே தொங்கும் மூன்று விளக்குகளுக்குள் எரிவதே ஸாய்ச்சோ ஏற்றிய சுடர் என்கிறார்கள். கடுகினத்தைச் சேர்ந்த விதையின் எண்ணெயைத் தினந்தோறும் வார்க்கிறார்கள். ஜப்பானிய மொழியில் அஜாக்கிரதைக்கு ‘யுதான்’ என்று பெயர். எண்ணெய், அறுதல் என்னும் இரண்டு எழுத்துக்களால் அதை எழுதுவார்கள். சொல்லின் பிறப்பைப் பற்றிப் பண்டிதர்களுக்குள் வேறு அபிப்பிராயங்கள் உண்டு. மலையிலோ இவ்விளக்கையே காரணமாகக் காட்டுகிறார்கள்.

நமக்குத் தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுக்கள் நினைவுக்கு வந்தன. ஒரு நந்தா விளக்குக்குத் தொண்ணூற்றாறு ஆடுகள். நாள்தோறும் உழக்கு நெய். ‘சாவா மூவாப் பேராடு’ என்று அவற்றுக்குப் பெயர். ஆடு சாகாமல் இராது. செத்தால் அதன் குட்டியைக் கொண்டு கணக்கை நிரப்பி, இடையர் நெய் அளக்க வேண்டும். சுடர் நிற்பதற்கு எப்பொழுதும் யாராவது ஒருவர் கணக்குப் பார்த்துக்கொண்டே இருக்கவேண்டியிருக்கிறது.

வாயிலருகே இருந்த முதிய துறவி ஒருவரிடம், “இது ஒருநாளும் அவிந்ததில்லையா?” என்று நம் ஓட்டை ஜப்பானிய மொழியில் கேட்டோம். ஆம் என்பார் என்று எதிர்பார்த்தோம்.

“அவிந்தது,” என்றார் அவர். “1571-இல்.”

அந்தக் காலத்து மடத்துத் துறவிகள் ஆட்டுக்குட்டிகள் அல்லர். ஆயுதம் தரித்த படை வைத்திருந்தார்கள், அரசர்களையே மிரட்டினார்கள். ஓடா நொபுநாகா என்னும் படைத்தலைவரின் பகைவர்களுக்கு இடங்கொடுத்தார்கள். 1571 செப்டம்பர் மாதக் கடைசியில் அவர் மலையை வளைத்துத் தீ வைத்தார். கட்டடங்கள் சாம்பலாயின, துறவிகளோடு பெண்களும் குழந்தைகளும் வெட்டுண்டதாகப் பழைய குறிப்புக்கள் கூறுகின்றன. எட்டு நூற்றாண்டு எரிந்த சுடர், அத்தனை பெரிய நெருப்பின் நடுவே அவிந்துபோயிற்று.

ஆனால் இதே சுடரிலிருந்து ஏற்றிய விளக்கு ஒன்று வடக்கே வெகு தூரத்தில், யமகதா நாட்டு ரிஷ்ஷாக்குஜி ஆலயத்தில் எரிந்துகொண்டிருந்தது. அதுவும் மலைக்கோயிலே, ஆயிரம் படி ஏற வேண்டும். நொபுநாகா 1582-இல் மாண்டபின் ஹியேய் மடம் மறுபடி எழுந்தபோது, அங்கிருந்து சுடரைக் கொண்டுவந்து ஏற்றினார்கள். துறவி இன்னொன்றும் சொன்னார். அந்த வடக்குக் கோயிலும் 1521-இல் சண்டையில் எரிந்ததாம். அப்போது ஹியேயிலிருந்துதான் மீண்டும் சுடர் கொண்டுபோனார்களாம். இவர்கள் கொடுத்ததை அவர்கள் திருப்பிக் கொடுத்தார்கள்.

“கொடுக்காமல் வைத்திருந்தால்?” என்று கேட்டோம்.

கேள்வி அவருக்கு விளங்கவில்லை போலும். அல்லது நம் ஜப்பானிய மொழி விளங்கவில்லை. தேநீர் வேண்டுமா என்று கேட்டார்.

ஆயிரம் நாள் மலையைச் சுற்றும் விரதக்காரரின் பாதைகளையும், மேற்குப் பகுதி ஆலயங்களையும் பார்க்க எண்ணியிருந்தோம். ஒன்றையும் பார்க்கவில்லை. பணத்தைப் பாராமல் ஸகமோட்டோவுக்கு இறங்கும் விஞ்ச் வண்டியில் ஏறி உட்கார்ந்தோம். 2,025 மீட்டர் தூரம், பதினொரு நிமிஷம். கீழே பிவா ஏரி மாலை வெயிலில் தகடுபோல் கிடந்தது. இறங்கியதும் டெலிபோன் கூண்டைத் தேடிப் பிடித்தோம். ஊரில் அப்போது பகல் ஒன்றரை மணி.

“அடுத்த வீட்டு அம்மாள் விளக்கு ஏற்றுகிறாளா, அம்மா?”

அம்மா சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, “ஏற்றாமல் என்ன? தினம் அதிலிருந்தே ஓர் அகலைப் பற்றவைத்து நம் வீட்டுத் திண்ணையிலும் வைத்துவிட்டுப் போகிறாளாம். எண்ணெய் விற்கிற விலையில் இரண்டு இடத்துக்குக் கட்டவில்லை என்று சொல்லி அனுப்பியிருக்கிறாள். என்ன செய்யட்டும்?” என்றாள்.

“நான் அனுப்புகிறேன்,” என்றோம்.

அந்த மாதத்து உபகாரச் சம்பளத்தில் முதல் செலவு அதுவே.