பட்டறைக்குப் போகிறவன் படிப்பை விட்டவனா?



மே மாதம் பிறந்து பத்தாம் வகுப்பின் தேர்வு முடிவு வெளிவந்ததும் நம் ஊர்களில் ஒரு பேச்சு கேட்கும். மதிப்பெண் 400-க்கு மேலே போனால், "பிள்ளையை என்ன படிக்க வைக்கப் போகிறாய்?" என்பார்கள். 230-இல் நின்றுவிட்டால், "ஐ.டி.ஐ.யில் தள்ளிவிடு" என்பார்கள்.

தள்ளிவிடு! சொல்லைக் கவனியுங்கள். கல்லூரியில் 'சேர்க்கிறார்கள்'. பள்ளிக்கூடத்துக்கு 'அனுப்புகிறார்கள்'. தொழிற்பயிற்சி நிலையத்துக்கு மட்டும் 'தள்ளுகிறார்கள்'. வண்டி ஓட்டுகிறவன் வண்டி, அதைச் செய்தவன் கை, இரண்டில் எதற்கு மதிப்பு என்று இந்த நாடு நெடுங்காலமாக வைத்திருக்கும் கணக்கு, அந்த ஒரே சொல்லில் வெளிப்பட்டு நிற்கிறது.

கருங்குழியை எடுத்துக்கொள்வோம். (வள்ளலார் வாழ்ந்த கருங்குழி வடலூருக்கு அருகில் இருக்கிறது, இது மதுராந்தகத்தை அடுத்த கருங்குழி. கர்நாடகப் போர்க்காலத்தில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் அடித்துக்கொண்ட கோட்டை இருந்த ஊர்.) பாலாற்றுக்குத் தெற்கே, ஏரிப்பாசனத்தை நம்பிய வயல்கள். படாளத்தில் கூட்டுறவுச் சர்க்கரை ஆலை. ரயில் ஏறி வடக்கே போனால் செங்கல்பட்டு, பரனூர், சிங்கப்பெருமாள் கோவில், மறைமலைநகர் என்று வரிசையாகத் தொழிற்பேட்டைகள். கிழக்கே கடலோரம் கல்பாக்கம் அணுமின் நிலையம். அதற்குச் சற்று வடக்கே மாமல்லபுரத்தின் உளியோசை. இத்தனையும் சுற்றி இருக்க, இந்த ஊர்ப் பிள்ளை ஆலையின் உள்ளே போகும்போது எந்த வாயிலால் போகிறான் என்பதே கேள்வி. ஒப்பந்தக்காரனின் வேனில் ஏறி, எண் போட்ட அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போகிறானா? கையில் தொழிலும் சான்றிதழும் வைத்துக்கொண்டு போகிறானா?

தொழிற்கல்வி என்றாலே நம்மவரில் பலருக்கு உள்ளூர ஒரு நடுக்கம் உண்டு. அந்த நடுக்கத்துக்குக் காரணமும் உண்டு. 1953-இல் இராஜாஜி அரசு கொண்டுவந்த திட்டத்தை மறந்தவர் யார்? நாட்டுப்புறத் தொடக்கப் பள்ளிகளில் படிப்பு மூன்று மணி நேரம். மிச்ச நேரத்தில் அப்பன் செய்யும் தொழிலைப் பிள்ளை கற்றுக்கொள்ளட்டும் என்றார்கள். குலக்கல்வி என்று அதற்கு நாடு பெயர் வைத்தது. கிளர்ச்சி எழுந்தது; 1954-இல் இராஜாஜி விலகினார்; பதவிக்கு வந்த காமராசர் திட்டத்தைக் கைவிட்டார்.

இதில் ஒரு வேடிக்கை பாருங்கள். அதே 1953-இல்தான், சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஏ. இலட்சுமணசாமி முதலியார் தலைமையிலான இடைநிலைக் கல்விக் குழு தன் அறிக்கையைத் தந்தது. அதுவும் தொழில் கற்பிக்கத்தான் சொன்னது. ஆனால் அப்பன் வீட்டில் அல்ல; உயர்நிலைப் பள்ளியிலேயே பொறியியல், வாணிபம், வேளாண்மை என்று பல பிரிவுகள் வைத்து, மாணவன் தன் விருப்பம்போல் எடுத்துக்கொள்ளட்டும் என்றது. ஒன்று பிறப்பைப் பார்த்துத் தொழிலைக் கொடுத்தது. மற்றது பிள்ளையைப் பார்த்துக் கேட்டது. இரண்டையும் 'தொழிற்கல்வி' என்ற ஒரே கூடையில் போடுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அவர்களிடம் நாம் எச்சரிக்கையாகத்தான் இருக்க வேண்டும்.

மாமல்லபுரத்தைப் பாருங்கள்; வேறுபாடு விளங்கும். கல் தட்டும் கலை காலங்காலமாகச் சில குடும்பங்களின் வீட்டுச் சொத்தாக இருந்தது. 1957-இல் அரசு அங்கே சிற்பப் பயிற்சிக்கு ஒரு நிலையம் தொடங்கியது. இன்று அது அரசு கட்டடக்கலை மற்றும் சிற்பக்கலைக் கல்லூரி. அதற்குப் பல ஆண்டுகள் தலைமை ஏற்றிருந்தவர் கணபதி ஸ்தபதி. 2000 சனவரி 1-ஆம் நாள் குமரி முனையில் திறக்கப்பட்ட 133 அடி வள்ளுவர் சிலையைச் சமைத்தவர். அவர் பரம்பரைச் சிற்பிதான். ஆனால் அவர் தலைமை ஏற்ற இடமோ விண்ணப்பம் போட்டுச் சேரும் அரசுக் கல்லூரி. அங்கே உளி பிடிக்கப் பாட்டன் பெயர் தேவையில்லை.

சரி, கருங்குழிப் பிள்ளைக்கு இன்று என்னென்ன வழி?

1978-இல் தமிழ்நாட்டில் மேல்நிலைக் கல்வி வந்தபோதே தொழிற்பிரிவும் உடன் வந்தது. பொது இயந்திரவியல், மின்சாரக் கருவிகள், கணக்குப் பதிவு, அலுவலக மேலாண்மை, வேளாண்மை, செவிலியம், நெசவு என்று பிரிவுகள். மொழிப்பாடம் உண்டு, செய்முறையும் உண்டு. முடித்தவன் பாலிடெக்னிக்கில் நேரே இரண்டாம் ஆண்டில் சேரலாம். பொறியியல் கல்லூரிச் சேர்க்கையில் தொழிற்பிரிவு மாணவருக்குத் தனி ஒதுக்கீடும் இருக்கிறது. இது பலருக்குத் தெரியாது. தெரியாமலே, "அந்த குரூப் எடுத்தால் அத்தோடு சரி" என்று கதவைச் சாத்துகிறார்கள். பிரிவைத் தொடங்கியவர்களும் முழு மனத்தோடு நடத்தினார்கள் என்று நான் சொல்லமாட்டேன். ஓய்வு பெற்ற ஆசிரியரின் இடம் காலியாகவே கிடந்தால், பட்டறையில் கிடக்கும் இயந்திரம் யாரிடம் பேசும்?

அடுத்தது ஐ.டி.ஐ. வெல்டர், வயர்மேன் போன்ற சில பிரிவுகளில் எட்டாம் வகுப்போடு சேரலாம். பிட்டர், டர்னர், எலக்ட்ரீசியன் என்றால் பத்தாம் வகுப்பு வேண்டும். செங்கல்பட்டிலேயே அரசு நிலையம் இருக்கிறது. தேர்ச்சி பெற்றவனுக்கும் பாலிடெக்னிக்கின் இரண்டாம் ஆண்டுக் கதவு திறக்கும். ஆக, இது முட்டுச்சந்து அல்ல, முச்சந்தி.

"கணக்கு வராதவனுக்குப் பட்டறை" என்கிறார்களே, அதைக் கேட்டால் எனக்குச் சிரிப்பு வருகிறது. லேத் முன்னால் ஒரு நாள் நின்றவன் அப்படிச் சொல்வானா? 50 மில்லிமீட்டர் நீளத்தில் ஒரு முனை 40, மறுமுனை 30 மில்லிமீட்டர் விட்டம் வரும்படி சாய்வாகக் கடைய வேண்டும். கருவியை எத்தனை டிகிரி திருப்புவது? விட்டங்களின் வித்தியாசம் 10, நீளத்தின் இருமடங்கு 100, வகுத்தால் 0.1. எந்தக் கோணத்துக்கு 'டான்' மதிப்பு 0.1 என்று அட்டவணையில் தேடினால், ஏறத்தாழ 5 டிகிரி 43 நிமிடம். பத்தாம் வகுப்புப் புத்தகத்தில் அதே முக்கோணவியலைப் பார்த்து, "இது எதற்கு?" என்று கொட்டாவி விட்ட பிள்ளைக்கு, இங்கே இரும்பு பதில் சொல்கிறது. கோணம் பிசகினால் பொருள் பொருந்தாது. மீண்டும் கடைய வேண்டும். மைக்ரோமீட்டரில் 0.01 மில்லிமீட்டரை வாசிக்கும் கண்ணுக்குத் தசமம் தெரியாமல் இருக்குமா? முக்கோணவியலைப் புரியவைக்கப் பட்டறையைவிட நல்ல வகுப்பறை கிடையாது என்பது என் எண்ணம். தேர்வுத் தாளில் பொய் சொல்லித் தப்பலாம், அளவுகோலிடம் முடியாது.

இந்த அடிப்படையை நான் வற்புறுத்துவதற்கு வேறொரு காரணமும் இருக்கிறது. திருப்பெரும்புதூரில் நோக்கியா ஆலை 2006-இல் உற்பத்தியைத் தொடங்கியது. நாட்டுப்புறத்துப் பிள்ளைகள், பெண்கள் உட்பட, ஆயிரக்கணக்கில் அதனுள்ளே போனார்கள். 2014 நவம்பரில் கதவு மூடியது. மறைமலைநகர் போர்டு ஆலையில் 2022-இல் கார் உற்பத்தி நின்றது. ஆலை மூடும் நாளில் தொழிலாளி எதை எடுத்துக்கொண்டு வெளியே வருகிறான்? ஒரு பட்டையில் ஒரே திருகை எட்டு மணி நேரம் முடுக்கியவன், அந்தத் திருகு அங்கேயே இருக்க, வெறுங்கையோடு வருகிறான். வரைபடம் படிக்கவும், அளக்கவும், பழுது கண்டுபிடிக்கவும் தெரிந்தவன் அடுத்த ஆலையின் வாயிலில் பேரம் பேச முடிகிறது. ஆறு வாரப் பயிற்சி கொடுத்துக் கையில் ஒரு தாளைத் திணிக்கும் திட்டங்களை நான் ஐயத்தோடு பார்ப்பது இதனால்தான். முதலாளிக்கு அது போதும், நமக்குப் போதாது.

ஜெர்மனியை எல்லாரும் புகழ்கிறார்கள். வாரத்தில் சில நாள் பள்ளி, சில நாள் ஆலை, ஏறத்தாழ மூன்றாண்டு, 1969-இல் இதற்கென்றே சட்டம் செய்தார்கள். பயிற்சிப் பாடத்தை வகுப்பதில் தொழிற்சங்கத்துக்கும் அங்கே இடம் உண்டு. ஆனால் அந்த நாட்டின் பல மாநிலங்களில் பிள்ளைக்குப் பத்து வயது ஆகும்போதே எந்த வகைப் பள்ளி என்று பிரித்துவிடுகிறார்கள். அந்தப் பகுதி நமக்கு வேண்டாம். பத்து வயதில் பிரிப்பது என்றால் நம் நாட்டில் எந்தத் தெருப் பிள்ளை எந்தப் பக்கம் விழுவான் என்று சொல்ல சோதிடன் தேவையில்லை.

இங்கே நமக்கு இருப்பது 1961-ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டம். ஐ.டி.ஐ. முடித்ததும் ஆலையில் பழகுநராகச் சேரலாம்; மாதாமாதம் உதவித்தொகை உண்டு; முடிவில் தேசியச் சான்றிதழ். ஆனால் தோழர்களே, சட்டத்தைத் திருப்பிப் படியுங்கள். பழகுநர் 'பயிற்சி பெறுபவர்'. 'தொழிலாளி' அல்ல என்று அது சொல்கிறது. விபத்து நேர்ந்தால் இழப்பீடு உண்டு. ஆலையின் பாதுகாப்பு, உடல்நல விதிகள் பொருந்தும். மற்றத் தொழிலாளர் சட்டங்கள் பொதுவாகப் பொருந்தா. பயிற்சி முடிந்ததும் வேலை தந்தே தீரவேண்டும் என்ற பொதுக் கட்டாயமும் இல்லை. நிரந்தரத் தொழிலாளி நிற்க வேண்டிய இடத்தில் ஆண்டுக்கு ஒரு பழகுநரை மாற்றி மாற்றி நிறுத்தி வேலை வாங்கும் தந்திரத்துக்கு இந்த ஓட்டை போதும். சங்கத்துக்காரர்கள் பழகுநர் பெயர்ப்பட்டியலையும் கேட்டு வாங்கிப் பார்க்க வேண்டும். ஒப்பந்தம் பதிவாகி இருக்கிறதா, கற்பிக்கிறார்களா, கூட்டத்தான் வைத்திருக்கிறார்களா என்று கேட்க வேண்டும்.

பணம் இல்லையே என்று கையைப் பிசையும் வீடுகளும் உண்டு. அரசுப் பள்ளியில் படித்து மேற்படிப்புக்குப் போகும் பெண்ணுக்கு 2022 முதல் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் ரூ. 1,000, ஆணுக்கு 2024 முதல் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் அதே தொகை. கல்லூரிக்குத்தான் என்று பலர் எண்ணுகிறார்கள், ஐ.டி.ஐ., பாலிடெக்னிக் மாணவருக்கும் உண்டு.

கிளைத் தோழர்களிடம் ஒரு வேலை ஒப்படைக்கிறேன். முடிவு வந்த வாரத்தில் மன்றத்துத் திண்ணையில் ஒரு மேசை போடுங்கள். மதிப்பெண் பட்டியல், மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், ஆதார் நான்கையும் எடுத்துவரச் சொல்லுங்கள். ஐ.டி.ஐ. விண்ணப்பம் இப்போது இணையத்தில்தான். கைப்பேசி வைத்திருக்கும் இளைஞன் ஒருவன் பக்கத்தில் உட்கார்ந்தால் போதும். பெண் பிள்ளையைக் கூட்டிவரும் தாயிடம் தையல் பிரிவை மட்டும் காட்டி அனுப்பிவிடாதீர்கள். பிட்டர், எலக்ட்ரீசியன் பட்டியலையும் அவள் கையில் கொடுங்கள். எது வேண்டும் என்று பிள்ளையைக் கேளுங்கள்; அப்பன் என்ன தொழில் செய்கிறான் என்று கேட்காதீர்கள்.