பட்டியலில் பெயர் இருக்கிறதா?

சிட்டா, அடங்கலைப் பத்திரமாக வைத்திருக்கும் விவசாயிகளில் பலர், வாக்காளர் பட்டியலைப் பார்ப்பதே இல்லை. ‘அதான் கையில அட்டை இருக்கே’ என்ற நினைப்பு. அட்டை இருந்தாலும் பட்டியலில் பெயர் இல்லாவிட்டால் ஓட்டுப் போட முடியாது. கல்யாணமாகி வந்த மருமகள்கள், பிழைப்புக்கு வெளியூர் போய்த் திரும்பியவர்கள் அவசியம் பார்க்க வேண்டும். பெயர் சேர்க்கப் படிவம் 6, பிழை திருத்தவும் முகவரி மாற்றவும் படிவம் 8. வாக்குச்சாவடி நிலை அலுவலரிடம் கொடுக்கலாம். சந்தேகம் கேட்க 1950.

நஷ்டம் ஓட்டோடு நிற்பதில்லை. ஊராட்சியின் வாக்காளர்தான் கிராம சபை உறுப்பினர். தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாள்களில் சபை கூடுகிறது. ஊராட்சியின் வரவு செலவை அங்கே வைத்தாக வேண்டும். குளம் தூர்வாரியதாகக் கணக்கு இருக்கும். கரையில் மண் கொட்டிய தடம்கூட இருக்காது. அதை டீக்கடையில் பேசி என்ன பயன்? சபையில் கேட்டால்தான் தலைவர் பதில் சொல்லியாக வேண்டும்.

சில ஊர்களில் ஆள் வருவதில்லை. நோட்டு மட்டும் வீடு வீடாகப் போய்க் கையெழுத்தோடு திரும்புகிறது. தீர்மானத்தைப் படித்துக் காட்டச் சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போடலாம். கேட்ட கேள்வி தீர்மானப் புத்தகத்தில் ஏறியதா என்று பார்க்க, தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்துடன் மனுப் போட்டு நகல் வாங்கலாம்.