பணிச்சோர்வும் மனப்பயிற்சியும்

இரப்பர் மரத்தின் இயல்பைத் தோட்டத் தொழிலாளர் நன்கறிவர். ஓய்வின்றி அடிக்கடி சீவப்படும் மரம் நாளடைவில் பால் சுரப்பதை நிறுத்திவிடும். பட்டை காய்ந்த அம்மரத்தை மேலும் ஆழமாகச் சீவுவதால் பயன் விளையாது. சீவுவதை நிறுத்தி அதற்கு ஓய்வளித்தலே முறையாகும். மனித மனத்திற்கும் இத்தகைய வறட்சி நேர்வதுண்டு. அதனையே அறிஞர் பணிச்சோர்வு என்பர்.

1974 ஆம் ஆண்டில் நியூயார்க் நகர உளவியலாளர் ஹெர்பர்ட் ஃபிராய்டன்பெர்கர் இச்சோர்வைப் பற்றி எழுதினார். 1981 ஆம் ஆண்டில் கிறிஸ்டினா மாஸ்லாக், சூசன் ஜாக்சன் என்னும் இருவர் அதனை அளந்தறியும் வினாத்தாளை வெளியிட்டனர். உறங்கி எழுந்தும் தீராத களைப்பு, உடன் பழகுவோர் மீது பற்றின்மை, தம்மால் ஒன்றும் இயலவில்லை என்னும் எண்ணம் ஆகிய மூன்றும் இதன் அடையாளங்களாம். இது நோயன்று, பணியின் காரணமாக எழும் நிலை என்று உலகச் சுகாதார நிறுவனம் 2019 ஆம் ஆண்டில் விளக்கியது.

இது நமக்குத் தொலைவிலுள்ள செய்தியன்று. 1972 ஆம் ஆண்டில் பினாங்குத் தீவின் பாயான் லெப்பாசில் சுதந்திர வர்த்தக வட்டாரம் தொடங்கப்பெற்றபின், தோட்டத்துப் பிள்ளைகள் பலர் தொழிற்சாலை வேலைக்குச் சென்றனர். பெற்றோருக்கு விடியற்காலைப் பெரட்டு; பிள்ளைகளுக்கோ இரவு வேலை. வேலை முடிந்து வீடு திரும்பும் பிள்ளை, "என் மனம்தான் பலவீனமானது" என்று தன்னையே நொந்துகொள்வது சரியா? மனத்தை அமைதிப்படுத்தும் பயிற்சி பெற்றால் இச்சோர்வு நீங்குமா?

இவ்வினாவுக்கு விடை காண்பது எளிதன்று. பயிற்சிக்கு விரும்பிச் செல்வோர் முன்னரே ஊக்கமுடையோராக இருக்கலாம். ஆகவே ஆய்வாளர் பணியாளரைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு மட்டும் பயிற்சியளித்துப் பின்னர் இரு பிரிவினரையும் ஒப்பிடுவர். 1,550 மருத்துவர்களைப் பற்றிய இத்தகைய ஒப்பாய்வுகளை இங்கிலாந்தின் மான்செஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர் தொகுத்து, 2017 ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டனர். தனி மனிதருக்குத் தரும் பயிற்சி சோர்வைச் சிறிதளவே குறைத்தது. வேலை நேரத்தையும் பணிமுறையையும் திருத்தியமைத்தல் அதனினும் மிகுந்த பயனளித்தது.

2024 ஆம் ஆண்டில் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வில்லியம் ஃபிளெமிங் வேறொரு முறையில் ஆராய்ந்தார். பிரிட்டனில் 233 நிறுவனங்களின் 46,336 பணியாளர் அளித்த விடைகளை அவர் ஒப்புநோக்கினார். மனப்பயிற்சி பெற்றோர் பெறாதோரினும் நலமாயிருந்தனர் என்பதற்குச் சான்று கிட்டவில்லை. பொதுத் தொண்டில் ஈடுபட்டோரிடம் மட்டுமே ஓரளவு நன்மை காணப்பட்டது.

ஆயின் மனப்பயிற்சி வீண் என்று நாம் தள்ளிவிடலாகாது. மூச்சை ஒழுங்குபடுத்தலும் கவலையை மனம்விட்டுப் பேசலும் சிலருக்கு ஆறுதலளிக்கும். உலகச் சுகாதார நிறுவனம் 2022 ஆம் ஆண்டில் வெளியிட்ட வழிகாட்டி நெறிகளும் பணியாளருக்குப் பயிற்சி அளிக்கலாம் என்கின்றன. கூடவே மேலாளருக்கும் பயிற்சி வேண்டும், பணிச்சூழலும் திருத்தப்பட வேண்டும் என வலியுறுத்துகின்றன. உளியைத் தீட்டுவது நன்று. ஓய்வு வேண்டும் மரத்திற்கு அது மருந்தாகாது.

நம் நாட்டில் 2023 ஜனவரி முதல் நாள் தொட்டு, வார வேலை நேரத்தின் உச்சவரம்பு 48 மணியிலிருந்து 45 மணியாகக் குறைக்கப்பட்டுள்ளது. வார ஓய்வு நாளும் சட்டம் வழங்கிய உரிமையே. இவற்றைத் தெரிந்து பயன்படுத்துதல் நம் கடமையாகும். வேலைப்பளு தாங்கவியலாதபோது மேற்பார்வையாளரிடமும் தொழிற்சங்கத்திடமும் தயங்காது எடுத்துரைப்போமாக. களைப்பு பல வாரம் நீடித்தால் அரசாங்க மருந்தகத்தை நாடுவோமாக. சோர்ந்து வரும் பிள்ளையைச் சோம்பேறி என ஏசாது, அவன் வேலை எத்தகையது என்று முதலில் கேட்டறிவோமாக.