புற்றுநோயும் பி-53 என்னும் காவலனும்

வாய்ப் புற்றுநோய் பற்றிய ஆராய்ச்சிக்கும் நம் குமரி மாவட்டத்துக்கும் நூறாண்டுக்கு மேற்பட்ட தொடர்பு உண்டு என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. நெய்யூர் லண்டன் மிஷன் மருத்துவமனையில் பணியாற்றிய டாக்டர் பென்டால், திருவிதாங்கூரில் காணப்பட்ட 1,700 புற்றுநோயாளிகளைப் பற்றி 1908ஆம் ஆண்டிலேயே பிரிட்டிஷ் மருத்துவ இதழ் ஒன்றில் எழுதினார். எவரெஸ்ட் சிகரத்தில் ஏற 1922, 1924 ஆகிய ஆண்டுகளில் நடந்த முயற்சிகளில் பங்குகொண்ட டாக்டர் சாமர்வெல்லும் பின்னர் நெய்யூரில் பல்லாண்டுகள் அறுவை மருத்துவராக இருந்தார். அதே மருத்துவமனையிலிருந்து 1933இல் 'லான்செட்' இதழுக்குச் சென்ற ஒரு கட்டுரை, வெற்றிலை போடுவோரின் வாய்ப் புற்றைப் பற்றியதே ஆகும். வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை சேர்ந்த உருண்டையைக் கன்னத்தின் எந்த மூலையில் அடக்கி வைக்கிறோமோ, அந்த மூலையில்தான் பெரும்பாலும் புண் தோன்றுகிறது!

புண் எங்கே தோன்றுகிறது என்று அன்றைய மருத்துவர்கள் கண்டார்கள். அங்குள்ள செல்லுக்குள் என்ன நடக்கிறது என்பது தெரிய மேலும் அரை நூற்றாண்டு சென்றது. அதைத்தான் இக்கட்டுரையில் காண்போம்.

நம் உடலின் செல்கள் ஓர் ஒழுங்குக்கு உட்பட்டே பிரிகின்றன. செல்லின் உட்கருவில் இருக்கும் டி.என்.ஏ. இழையில் பழுது ஏற்பட்டால், பழுதோடு அந்தச் செல் பிரிந்து பெருகிவிடாமல் தடுக்கச் சில புரதங்கள் காவல் இருக்கின்றன. அவற்றுள் முதன்மையானது பி-53. இதன் எடை 53,000 அலகு இருக்கும் என்று முதலில் கணக்கிட்டதால் வந்த பெயர் இது. உண்மையான எடை ஏறக்குறைய 44,000 அலகுதான். ஆனாலும் பழைய பெயர் நிலைத்துவிட்டது. 393 அமினோ அமிலங்கள் கோத்த ஒரு சரம் இது.

இப்புரதம் 1979இல் கண்டுபிடிக்கப்பட்டது. முதலில் விஞ்ஞானிகள் இதைப் புற்றுநோயை வளர்க்கும் புரதம் என்றே எண்ணினர். ஆய்வுக்கூடங்களில் கைமாறிவந்த மாதிரிகள் பலவும் திரிந்துபோன மரபணுவிலிருந்து வந்தவை என்பது பின்னர்தான் தெரிந்தது. 1989இல் உண்மை விளங்கியது. பத்தாண்டுகள் காவலனைத் திருடன் என்று எண்ணியிருந்தார்கள்!

இந்தக் காவலனை உடல் எப்படி அடக்கி ஆளுகிறது என்பதே நமக்கு மிகவும் சுவையான பகுதி. நாஞ்சில் நாட்டுக் குளம் ஒன்றை நினைத்துக்கொள்வோம். கால்வாய்த் தண்ணீர் இடைவிடாமல் குளத்தில் விழுகிறது. ஆனால் மடை திறந்தே கிடப்பதால் குளத்தில் தண்ணீர் தேங்குவதில்லை. செல்லிலும் பி-53 ஓயாமல் உண்டாக்கப்படுகிறது. உண்டான சில நிமிடங்களில் அழிக்கவும் படுகிறது. இங்கே மடையாக இருப்பது எம்.டி.எம்-2 என்னும் வேறொரு புரதம். இது பி-53ஐப் பற்றிக்கொண்டு, அதன்மேல் 'யூபிகுவிடின்' என்ற சிறு புரதத்தை அடையாளச் சீட்டாக ஒட்டுகிறது. சீட்டு ஒட்டப்பட்டதைச் செல்லில் உள்ள அரைக்கும் எந்திரம் நொறுக்கிவிடும். (இந்தச் சீட்டு முறையைக் கண்டறிந்த மூவருக்கு 2004இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.)

ஆக்கியதை அழித்துக்கொண்டே இருப்பது வீண் செலவு அல்லவா என்று கேட்கத் தோன்றும். பி-53 மிகுந்துவிட்டால் நல்ல செல்லும் பிரியாமல் நின்றுவிடும், மடிந்தும் போகும். ஆகவே அது குறைவாக இருக்க வேண்டும். ஆபத்து வந்தால் நொடியில் பெருகவும் வேண்டும். புதிதாகக் கால்வாய் வெட்டுவதைவிட மடையை அடைப்பது விரைவான வேலை!

ஆபத்து எப்படி வருகிறது? பாக்கிலுள்ள துவர்ப்புப் பொருள்கள் சுண்ணாம்பின் காரத்தோடு சேரும்போது, எதையும் தாக்கவல்ல ஆக்சிஜன் துகள்கள் பிறக்கின்றன. புகையிலையோ நைட்ரோசமைன் என்னும் நச்சுகளைத் தருகிறது. இவை டி.என்.ஏ. இழையைச் சிதைக்கின்றன. இழை அறுந்ததும் வேறு சில நொதிகள் விழித்தெழுந்து, பி-53இன்மேல் பாஸ்பேட் கூறுகளை ஒட்டுகின்றன. இப்போது எம்.டி.எம்-2ஆல் அதைப் பற்ற முடிவதில்லை. மடை அடைபட்டது, குளம் நிரம்புகிறது. நிரம்பிய பி-53 டி.என்.ஏ.வில் அமர்ந்து பல மரபணுக்களை இயக்குகிறது. அவற்றுள் ஒன்றான பி-21 செல் பிரிவதை நிறுத்தி, பழுது பார்க்க நேரம் தருகிறது. பழுது தீராது என்றால் அந்தச் செல் தன்னைத்தானே மாய்த்துக்கொள்ளும். இன்னொரு வியப்பும் உண்டு. பி-53 இயக்கும் மரபணுக்களில் எம்.டி.எம்-2இன் மரபணுவும் ஒன்று. வேலை முடிந்ததும் மடை மீண்டும் திறந்துகொள்ள, காவலனே ஏற்பாடு செய்துவிடுகிறான்.

புற்றுநோய்ச் செல்லில் இந்த ஏற்பாடு குலைகிறது. பலமுறை தாக்கப்பட்டதில் பி-53இன் மரபணுவே திரிந்துபோவது ஒரு வகை. மனிதப் புற்றுகளில் ஏறக்குறைய பாதியில் இத்திரிபு காணப்படுகிறது. வாய்ப் புற்றிலும் இது மிகுதி. இங்கே ஒரு விந்தை. திரிந்த பி-53ஆல் எம்.டி.எம்-2இன் மரபணுவை இயக்க முடியாது. அதனால் பல சமயங்களில் அது அழிக்கப்படாமல் செல்லில் குவிந்து கிடக்கிறது. குளம் நிரம்பியிருக்கிறது, ஆனால் பயிருக்கு உதவாத உப்புத் தண்ணீர்! சில தசைத் திசுப் புற்றுகளில் நடப்பது வேறு. அங்கே பி-53 நன்றாகவே இருக்கும்; எம்.டி.எம்-2 அளவுக்கு மீறி இருப்பதால் எல்லாம் வடிந்துவிடுகிறது.

மூன்றாவது வகை பெண்களாகிய நமக்கு முக்கியமானது. கருப்பைக் கழுத்துப் புற்றுக்குக் காரணம் 'பாப்பிலோமா' என்னும் வைரஸ் என்று காட்டிய ஹெரால்ட் சுர் ஹவுசனுக்கு 2008இல் நோபல் பரிசு அளிக்கப்பட்டது. இவ்வைரஸின் ஈ-6 என்ற புரதம், செல்லில் உள்ள வேறொரு நொதியைத் துணைக்கு அழைத்து, பி-53க்கு அழிவுச் சீட்டை ஒட்டச் செய்கிறது. மடை அடைத்திருந்தும், அயலான் வந்து குளத்துக்கரையையே வெட்டிவிடுகிறான்! அதன் ஈ-7 புரதம் 'ஆர்.பி.' என்ற மற்றொரு காவல் புரதத்தை முடக்குகிறது. வைரஸ் உடலில் புகுமுன்பே தடுக்கத் தடுப்பூசி இருக்கிறது. 9 முதல் 14 வயதுள்ள சிறுமியருக்கு முதலில் போட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. தாய்மார்கள் மருத்துவரிடம் இதைக் கேட்டறிய வேண்டும். வெட்கப்பட இதில் ஒன்றுமில்லை.

மடையை மருந்தால் அடைக்க இயலுமா என்ற ஆராய்ச்சியும் நடக்கிறது. அமெரிக்காவின் நட்லி என்ற ஊரில் இருந்த ஆய்வுக்கூடம், எம்.டி.எம்-2 பி-53ஐப் பற்றும் பள்ளத்தில் போய் அடைத்துக்கொள்ளும் மருந்துகளை 2004இல் அறிவித்தது. ஊர்ப்பெயரால் அவற்றுக்கு 'நட்லின்' என்று பெயர். ஆனால் பி-53 கெடாமல் இருக்கும் புற்றுக்கே இவ்வகை மருந்து பயன்படும். உப்பேறிய குளத்தின் மடையை அடைத்து என்ன பயன்? நல்ல செல்களிலும் பி-53 பெருகுவதால் இரத்தத் தட்டணுக்கள் குறைவது இன்னொரு தொல்லை.

புகையிலை சேர்ந்த வெற்றிலை புற்றுநோயை உண்டாக்கும் என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 1985இல் கூறியது. புகையிலை சேராவிட்டாலும் பாக்கே போதும் என்று 2004இல் வெளியிட்டது. "நான் புகையிலை சேர்ப்பதில்லையே" என்று சொல்லும் பாட்டிமாருக்கு இதை எடுத்துச் சொல்வது நம் கடமை. வாய்க்குள் ஆறாத வெள்ளைத் திட்டோ சிவந்த திட்டோ, இரண்டு வாரத்துக்கு மேல் நிற்கும் புண்ணோ, வாயை முழுதாகத் திறக்க முடியாத இறுக்கமோ கண்டால், பல் மருத்துவரிடமோ ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ காட்டலாம். வலி இல்லை என்று காத்திருக்கக் கூடாது. தொடக்கத்தில் பெரும்பாலும் வலி இருப்பதில்லை.