மலையேற்றமும் வெப்பத் தாக்கும்

வெப்பத் தாக்கு என்பது உடல் வெப்பநிலை 40 பாகை செல்சியசுக்கு மேல் உயர்ந்து, மூளையின் செயற்பாடு பாதிக்கப்படும் உயிர் ஆபத்தான நிலையாகும். தென்காசி மாவட்டத்துச் சங்கரன்கோவில் போன்ற, மேற்குத் தொடர்ச்சி மலைக்குக் கிழக்கேயுள்ள ஊர்களிலிருந்து கோடையில் சதுரகிரி முதலிய மலைகளுக்குச் செல்வோர் இதனை அறிந்திருத்தல் வேண்டும். தமிழ்நாடு அரசு 2024 இல் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது.

காரணம்

1000 மீட்டர் உயரத்திற்கு வெப்பநிலை ஏறத்தாழ 6.5 பாகை குறையும். ஆயினும் ஏறும்போது தசைகள் மிகுந்த வெப்பத்தை உண்டாக்குகின்றன. காற்றில் ஈரப்பதம் மிகுந்தால் வியர்வை எளிதில் ஆவியாகாது, உடல் குளிர்வதில்லை. ஆகவே குளிர்ந்த மலையிலும் இந்நோய் வரலாம்.

அறிகுறிகள்

தலைவலி, குமட்டல், தலைச்சுற்றல், தசைப்பிடிப்பு ஆகியவை வெப்பத் தளர்ச்சியின் அறிகுறிகள். குழப்பம், தள்ளாட்டம், வலிப்பு, நினைவிழப்பு ஆகியவை வெப்பத் தாக்கைக் குறிக்கும். கடும் உழைப்பால் வரும் வெப்பத் தாக்கில் வியர்வை தொடர்ந்து வழியக்கூடும்; வியர்ப்பதால் ஆபத்தில்லை எனக் கருதலாகாது.

தடுப்பு

 விடியலில் ஏறத் தொடங்கி, நண்பகலில் நிழலில் தங்குதல்.
 இறங்கும் வழிக்கும் நீர் வைத்திருத்தல்.
 உப்பிட்ட மோர் போன்றவற்றையும் அருந்துதல். வெறும் நீரை அளவுமீறிக் குடித்தால் குருதியில் சோடியம் குறையும்.
 வெயிலுக்குப் பழக உடலுக்கு 7 முதல் 14 நாட்கள் தேவை. அதற்கு முன் கடும் ஏற்றத்தைத் தவிர்த்தல்.

முதலுதவி

பாதிக்கப்பட்டவரை நிழலில் கிடத்தி, ஆடையைத் தளர்த்தி, உடல் முழுவதும் நீரூற்றி விசிற வேண்டும். நினைவு தெளிவற்றவருக்கு வாய்வழி எதுவும் கொடுக்கலாகாது. காய்ச்சல் மாத்திரை பயன்தராது. 108 ஐ அழைத்து, ஊர்தி வரும்வரை குளிர்விப்பதை நிறுத்தாதிருத்தல் வேண்டும்.