புதுப் பவளத்தை மிரட்டும் விளக்கு

தெர்மோகோல் பெட்டிக்குள் ஒரு பிளாஸ்டிக் பை. பைக்குள் கொஞ்சம் கடல்நீர், அதில் கட்டைவிரல் அளவில் ஒரு துண்டுப் பவளம். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் வீட்டில் உப்புநீர்த் தொட்டி வைத்திருப்பவர்கள் பலருக்கு, கூரியரில் பவளம் இப்படித்தான் வந்து சேர்கிறது. வளர்ந்த பவளத்திலிருந்து நறுக்கி, சின்னப் பீங்கான் வில்லையில் சூப்பர் குளூ வைத்து ஒட்டிய இந்தத் துண்டுக்கு அவர்கள் வட்டாரத்தில் ‘ஃபிராக்’ என்று பெயர். பை கைக்கு வந்ததும் எல்லாருடைய கவனமும் தண்ணீர்மீது போகிறது. பலர் கோட்டை விடுவதோ விளக்கில்.

தண்ணீர் வேலை ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். பையைப் பிரிக்காமல் 15, 20 நிமிடம் தொட்டியில் மிதக்கவிட்டால் வெப்பநிலை ஒன்றாகிவிடும். பவளத் தொட்டிகள் பொதுவாக 25 டிகிரி செல்சியஸை ஒட்டியே இருக்கும். உப்பின் அளவு லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம். பைத் தண்ணீரும் தொட்டித் தண்ணீரும் இதில் வெகுவாக மாறுபட்டால், துண்டைப் பைத் தண்ணீரோடு ஒரு வாளியில் விட்டு, மெல்லிய குழாய் வழியே தொட்டி நீரைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் கலக்கலாம். காரத்தன்மையையும் சோதித்துப் பார்ப்பது நல்லது. இயற்கைக் கடல்நீரில் அது ‘டிகேஹெச்’ என்னும் அலகில் சுமார் 7. வீட்டுத் தொட்டிகளில் 8, 9 என்று சற்றுக் கூடுதலாக வைப்பவர்கள் உண்டு. அதற்காக அரைநாள் சொட்டவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தால் வாளித் தண்ணீர் ஆறிப்போகும், அவ்வளவுதான் பலன்.

அடுத்தது குளியல். அக்ரோபோரா என்னும் கிளைப் பவளத்தைத் தின்னும் தட்டைப்புழு ஒன்று, அந்தப் பவளத்தின் நிறத்திலேயே ஒட்டிக்கிடக்கும். வெளிறிய வட்ட வட்டக் கடித்தடங்களைப் பார்த்துத்தான் அது இருப்பதே பலருக்குத் தெரியவரும். மான்டிபோரா என்னும் பவளத்துக்கு ஓடில்லாத ஒரு கடல் நத்தை எதிரி. அயோடின் கலந்த கரைசலிலோ, இதற்கென்றே விற்கும் மருந்திலோ துண்டைச் சில நிமிடம் முக்கி, பீச்சாங்குழலால் நீரை அடித்துவிட்டால் புழுக்கள் உதிரும். முட்டைகள் உதிராது; மருந்தும் அவற்றை ஒன்றும் செய்யாது. வந்த வில்லையைப் பிய்த்து எறிந்துவிட்டுப் புது வில்லையில் ஒட்டுவதும், சில வாரம் தனித்தொட்டியில் வைத்து மறுபடி மறுபடி முக்கியெடுப்பதும் அதனால்தான். அலுப்பான வேலைதான், ஆனால் ஒரு புழு உள்ளே புகுந்தால் தொட்டியிலுள்ள அக்ரோபோரா அத்தனையும் போய்விடலாம்.

இனி விளக்கு. பவளம் ஒரு விலங்கு. அதன் திசுவுக்குள் நுண்ணிய பாசிகள் குடியிருக்கின்றன. அவை ஒளிச்சேர்க்கையில் ஆக்கும் உணவில் பெரும்பகுதி பவளத்துக்குப் போகிறது. சில இனங்களின் ஆற்றல் தேவையில் 90 சதவீதம்வரை இப்படிக் கிடைக்கிறது. ஆகவே புதிய தொட்டிக்குப் பழகவேண்டியது விலங்கு மட்டுமல்ல, அதனுள் இருக்கும் பாசியும்தான். வெளிச்சம் குறைந்தால் பாசி தன் பச்சையத்தைக் கூட்டிக்கொள்ளும், மிகுந்தால் குறைத்துக்கொள்ளும். இந்தச் சரிக்கட்டல் ஒரு நாளில் நடப்பதில்லை, வாரக்கணக்கில் நடக்கிறது. அதற்குள் ஒளி அளவுமீறிக் கொட்டினால் பாசிக்குள் நச்சு ஆக்சிஜன் மூலக்கூறுகள் பெருகும். பவளம் பாசியை வெளியே தள்ளிவிட்டு வெளுத்துப்போகும். நிழல்வலைக்குள் வளர்ந்த நாற்றை மொட்டைமாடி வெயிலில் கொண்டுபோய் வைத்த கதை.

இதில் எல்இடி விளக்கு செய்யும் மாயம் ஒன்று உண்டு. பவளத் தொட்டிகளில் நீல ஒளி தூக்கலாக இருக்கும். மனிதக் கண்ணுக்கு நீலம் மங்கலாகத் தெரியும். பாசிக்கோ அது முழுச் சாப்பாடு. அறை இருட்டாக இருக்கிறதே என்று விளக்கை ஏற்றுபவர் பவளத்தைப் பொசுக்கிவிடுவார். எனவே கண்ணை நம்பாமல், ஒளிச்சேர்க்கைக்கு உதவும் ஒளியை அளக்கும் ‘பார்’ மீட்டரை இரவலாவது வாங்கிப் பார்ப்பது மேல். காளான் பவளங்களுக்கு அந்த மீட்டரில் 50 முதல் 100 வரை போதும். அக்ரோபோராவுக்கு 200, 300 என்று வேண்டியிருக்கும். வெப்பமண்டலக் கடற்பரப்பில் நடுப்பகலில் இது 2,000-ஐத் தொடும் என்பதைப் பார்க்கும்போது தொட்டிகளின் ஒளி குறைவுதான். ஆனால் வந்த துண்டு கடலின் வெளிச்சத்தில் வளர்ந்ததா, பண்ணைத் தொட்டியின் 120-இல் வளர்ந்ததா என்பதுதான் கேள்வி. விற்றவரிடம் கேட்கவேண்டிய முதல் கேள்வியும் அதுவே.

பதில் கிடைக்காவிட்டால் துண்டை மணல்மேல் வைத்துத் தொடங்கி, சில வாரங்களில் படிப்படியாக மேலே ஏற்றலாம். அல்லது விளக்கைப் பாதிக்குக் குறைத்து மெல்லக் கூட்டலாம். பல எல்இடி விளக்குகளில் இதற்கென்றே ஓர் ஏற்பாடு இருக்கிறது. துண்டு பழுப்பேறினால் பெரும்பாலும் ஒளி போதவில்லை, அல்லது நீரில் நைட்ரேட், பாஸ்பேட் சத்து மிகுதி. பழுப்பு பார்க்க அழகில்லை, ஆனால் ஆபத்துமில்லை. அதைக் கண்டு பதறி ஒரே நாளில் உச்சிக்குத் தூக்கி வைப்பதுதான் ஆபத்து.

ஒளியைப் பவளம் எவ்வளவு நுணுக்கமாக வாசிக்கிறது என்பதற்கு லண்டன் ஹார்னிமன் அருங்காட்சியகம் சாட்சி. ஜேமி கிராக்ஸ் தலைமையில் 2012-இல் தொடங்கிய ‘புராஜெக்ட் கோரல்’ திட்டத்தில், கடலின் பருவ வெப்பம், பகலின் நீளம், நிலா வளர்ந்து தேயும் ஒளி ஆகியவற்றை அப்படியே தொட்டிக்குள் உருவாக்கினார்கள். 2013-இல் பவளங்கள் அங்கே முட்டையும் விந்தும் வெளியிட்டன. அந்த அனுபவத்தின் துணையோடு 2019-இல் புளோரிடா அக்வேரியத்தில், அழிவின் விளிம்பிலிருக்கும் தூண் பவளமும் ஆய்வகத்தில் இனப்பெருக்கம் செய்தது.

இடம் ஒதுக்குவதிலும் கவனம் தேவை. யூஃபிலியா, கேலக்ஸியா போன்றவை இரவில் கொட்டும் இழைகளை நீட்டி அண்டைப் பவளத்தைச் சுடும். பாலிதோவா வகைகளைக் கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் தொடவே கூடாது. அவற்றில் சிலவற்றிலுள்ள பாலிடாக்சின் கொடிய நஞ்சு. அவை ஒட்டிய கல்லை வெந்நீரில் போட்டுச் சுத்தம்செய்யப் போய், ஆவியை மூச்சில் இழுத்து மருத்துவமனைக்குப் போனவர்கள் உண்டு.

இந்தியாவில் இருப்பவர்களுக்கு இதெல்லாம் படித்துத் தெரிந்துகொள்ளத்தான். பாறை கட்டும் பவளங்கள் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. புலிக்கு உள்ள அதே பாதுகாப்பு. மன்னார் வளைகுடாவிலிருந்து ஒரு துண்டை எடுத்து வீட்டில் வைத்தால் சிறைத் தண்டனைவரை போகும். வெளிநாட்டில் வளர்த்ததைத் திரும்பும்போது பெட்டியில் போட்டுக் கொண்டுவரவும் வழியில்லை. கடினப் பவளங்கள், உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தத்தின் 2-ஆம் பட்டியலில் உள்ளவை. அனுமதிச் சீட்டு இல்லாமல் எல்லை தாண்டினால் சுங்கத்துறையினர் பறிமுதல் செய்துவிடுவார்கள்.