குமரி மாணவருக்கு ஓர் அறிவியல் புனைகதைப் பாடம்

நாகர்கோவிலிலிருந்து ஆரல்வாய்மொழிக் கணவாயைக் கடந்தால் முப்பந்தல் காற்றாலைகள். இன்னும் சற்று வடக்கே மகேந்திரகிரி. இஸ்ரோவின் ராக்கெட் இயந்திரங்களை அங்கேதான் எரித்துச் சோதிக்கிறார்கள். கிழக்கே கூடங்குளம் அணு உலை. மேற்குக் கடற்கரையில் மணவாளக்குறிச்சி மணலிலிருந்து மோனசைட்டைப் பிரித்தெடுக்கிறார்கள்; நம் அணுசக்தித் திட்டத்தின் மூன்றாம் கட்டத்துக்கு ஹோமி பாபா நம்பியிருந்த தோரியம் அதில்தான் இருக்கிறது. இஸ்ரோவுக்குத் தலைவர்களாக வந்த கே. சிவன் மேல சரக்கல்விளைக்காரர், வி. நாராயணன் மேலக்காட்டுவிளைக்காரர். இந்த மண்ணில் வளரும் ஒரு மாணவி அறிவியல் புனைகதையை முழுப் பாடமாகப் படிக்க விரும்பினால், எளிதாகக் கிடைக்கும் வழி இணையம்.

அந்த வழியில் முன்னோடியான பாடம் ஒன்று உண்டு. மிச்சிகன் பல்கலைக்கழகப் பேராசிரியர் எரிக் ராப்கின் 2012இல் கோர்செரா தளத்தில் நடத்தியது. மொத்தம் பத்துப் பகுதிகள். கிரிம் சகோதரர்களின் கதைகளில் தொடங்கி மேரி ஷெல்லி, எச்.ஜி. வெல்ஸ், ரே பிராட்பரி, உர்சுலா லெ குவின் என்று போய் கோரி டாக்டரோவில் முடியும். ஒவ்வொரு பகுதிக்கும் முந்நூறு சொல் அளவில் ஒரு கட்டுரை எழுத வேண்டும். திருத்துகிறவர்கள் உடன் படிப்பவர்கள்தான். முந்நூறு சொல்லில் கதைச் சுருக்கம் எழுதி ஒப்பேற்ற முடியாது. ஒரே ஒரு கருத்தைப் பிடித்து அதை நிறுவியாக வேண்டும். வேறு ஊர்க்காரர் ஒருவர் அதைப் படித்து மறுத்து எழுதுவார். இலக்கியம் படிக்க இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியவில்லை.

நம் நாட்டில் 2017 முதல் சுவயம் தளம் இருக்கிறது. ஒரு பருவத்துப் பாடங்களில் 40 விழுக்காடு வரை அதன் வழியே படித்து மதிப்பெண் புள்ளிகளைச் சேர்த்துக்கொள்ள யுஜிசி 2021இல் இடம் கொடுத்தது. பெரிய வாய்ப்புதான். ஆனால் அங்கே பல பாடங்களில் தேர்வு, நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் முறையில் இருக்கிறது. பொறியியலுக்கு அது சரிப்படலாம். ஒரு நாவலைப் படித்தவரையும், அதன் சுருக்கத்தை மட்டும் படித்தவரையும் அந்தத் தேர்வால் பிரித்தறிய முடியாது.

எனக்குள்ள பெரிய குறை பாடத்திட்டத்தைப் பற்றியது. ராப்கினின் பட்டியலில் இருப்பவை ஐரோப்பாவும் அமெரிக்காவும் எழுதிய நூல்கள். அவற்றைப் படிக்கத்தான் வேண்டும். பக்கத்தில் வைத்துப் படிக்க நம்மிடமும் நூல்கள் இருக்கின்றன என்று மாணவர்களுக்கு யாராவது சொல்ல வேண்டாமா?

ஜெயமோகன் இந்த மாவட்டத்துக்காரர். அவருடைய 'விசும்பு' தொகுப்பின் அறிவியல் கதைகள் முதலில் வெளிவந்ததே திண்ணை இணைய இதழில்தான். 'ஐந்தாவது மருந்து' சித்த மருத்துவத்தைக் கையிலெடுக்கிறது, 'பித்தம்' ரசவாதத்தை. விண்கலமும் வேற்றுக்கிரகமும் இல்லாமல், வைத்தியரும் வர்ம ஆசானும் இன்றும் வாழ்கிற ஒரு நிலத்தின் அறிவு மரபிலிருந்து அறிவியல் புனைகதை பிறக்க முடியும் என்பதை இவை காட்டுகின்றன. மேரி ஷெல்லியின் ஃபிராங்கன்ஸ்டைனும் (1818) இளவயதில் அக்ரிப்பா, பாராசெல்சஸ் போன்ற பழைய ரசவாதிகளைப் படித்துவிட்டுத்தான் நவீன வேதியியலுக்கு வருகிறான். பழைய அறிவின் ஆசையும் புதிய அறிவின் ஆற்றலும் ஒரே மனதுக்குள் மோதுவதை அந்த நாவலையும் 'பித்தம்' கதையையும் சேர்த்துப் படித்து ஆராயலாம். முந்நூறு சொல் கட்டுரைக்கு இதைவிடச் செழிப்பான தலைப்பு கிடைக்காது.

சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'வை வாரப் பத்திரிகைத் தொடர்தானே என்று ஒதுக்குவோர் இருக்கிறார்கள். குழந்தை பெறவும் அரசின் அனுமதி தேவைப்படும் ஓர் எதிர்கால ஆட்சி, ஜீனோ என்ற பேசும் இயந்திர நாய் என்று விரியும் அந்தக் கதை, பல்லாயிரம் தமிழ் வாசகர்களுக்கு இந்த வகை எழுத்தை அறிமுகம் செய்தது. பாடத்தில் அதற்கு இடம் வேண்டும். ரொக்கேயா பேகத்தின் 'சுல்தானாவின் கனவு' கதைக்கும் வேண்டும். பெண்கள் ஆளும், சூரிய வெப்பத்தைப் பயன்படுத்தும், மேகத்திலிருந்து நீர் இறக்கும் நாடு அது. 1905இல் அந்தக் கதை அச்சேறியது சென்னையிலிருந்து வந்த ஒரு பெண்கள் இதழில். நம் மாநிலத் தலைநகரில் வெளியான கதையை நம் பிள்ளைகள் அமெரிக்க ஆய்வாளர்கள் வழியே தெரிந்துகொள்ளும் நிலை எனக்கு வருத்தம் தருகிறது.

தமிழ் இணையக் கல்விக்கழகம் 2001 முதல் இணையம் வழியே தமிழ் கற்பிக்கிறது. குமரியின் கலைக் கல்லூரிகள் இணைந்திருக்கும் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் பக்கத்திலேயே இருக்கிறது. இரண்டும் சேர்ந்து எட்டு வாரத்தில் முடிகிற ஓர் அறிவியல் புனைகதைப் பாடத்தைத் தமிழில் தர வேண்டும். கொள்குறி வினாக்கள் வேண்டாம். வாரம் ஒரு கட்டுரை போதும். ஒரு வாரமாவது மாணவர்களை மணவாளக்குறிச்சியைப் பற்றியோ கூடங்குளத்தைப் பற்றியோ கதை எழுதச் சொல்லுங்கள். அந்த மணலிலும் கடலிலும் பிழைக்கிறவர்களின் பிள்ளைகள் இந்தக் கல்லூரிகளில்தான் படிக்கிறார்கள்.